மேடான்காரர்களுக்கு ஒரு துண்டுத்தாள்

பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் நஸீஹாவுக்கு மேசையும் மடிக்கணினியும் இருக்கின்றன. ஆனால் வேலை அங்கே தொடங்குவதில்லை. பல் வைத்தியரோ கண்ணாடிக் கடைக்காரரோ இந்தோனேசிய வாடிக்கையாளர்களுக்காக விளம்பரத் தாளை அவர்கள் மொழியில் மாற்றித் தரச் சொன்னால், பழைய தாளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவாள். வைத்தியத்துக்காகக் கடல் தாண்டி இந்தோனேசியாவின் மேடான் நகரிலிருந்து வந்திருக்கும் யாரிடமாவது அதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அவர்கள் கண் எங்கே நிற்கிறது, எங்கே தாளை விட்டுப் போகிறது என்று பார்ப்பாள். பதினொரு வருடமாக இப்படித்தான்.

போன நவம்பரில் நல்லம்மாள் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி நான்கு அறைகள் கொண்ட விடுதி அவருடையது. கணவர் போன பிறகு தனியாக நடத்துகிறார். வெள்ளைக்காரப் பயணிகள் வருவது குறைந்து, மூன்று மாதமாக அறைகள் பூட்டிக் கிடந்தன. வருடக் கடைசிக்குள் ஆள் வராவிட்டால் மூடிவிட்டுத் தன்னோடு ஜொகூருக்கு வந்துவிடும்படி மகன் ஹரீஷ் சொல்லியிருந்தான். அவரும் தலையாட்டிவிட்டார்.

“அங்க போயி என்னா செய்யப் போறேன்? பன்னெண்டாவது மாடியில உக்காந்து லிப்ட் போறதயும் வர்றதயும் பாக்கவா?” என்றார் நஸீஹாவிடம். “ஆஸ்பத்திரிக்கு வர்ற மேடான்காரங்களாவது தங்கட்டும். இந்த விளம்பரத் தாள அப்படியே அவங்க பாஷையில மாத்திக் கொடும்மா.”

தாளின் முன்பக்கம் முழுக்கச் சாப்பாடு. நாசி கண்டார், வறுத்த கொய்த்தியாவ், ஐஸ் செண்டோல். பின்பக்கம் விதிகள். முதல் விதி: சமைக்கக் கூடாது.

“அறைய விட சோறுதான் அதிகமா இருக்கு, அக்கா.”

“பினாங்குக்கு வந்துட்டு வேற எதக் காட்டுறது? வாசல்ல இறங்குனா பத்துக் கடை. இங்க வந்து எவன் அரிசி பொங்குவான்?”

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் நஸீஹா அந்தத் தாளை ரொஸ்னா என்ற பெண்ணிடம் கொடுத்தாள். ஐம்பது வயது இருக்கும். கணவருக்கு வயிற்றில் அறுவை முடிந்து ஆறு நாள். ரொஸ்னா படங்களைப் பார்த்தார், மடித்தார், விசிறிக்கொண்டார். பின்பக்கத்தைத் திருப்பவே இல்லை.

“நல்லா இல்லையா?” என்று மலாயில் கேட்டாள் நஸீஹா.

“ரொம்ப நல்லா இருக்கு. ஆனா அவர் கஞ்சிதானே குடிக்கணும்,” என்றார் ரொஸ்னா. தயங்கிவிட்டு மெல்லச் சொன்னார். ஓட்டல் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வாடை வெளியே போகாமல் துண்டை இடுக்கில் செருகி, சின்ன ரைஸ் குக்கரில் கஞ்சி வைக்கிறாராம். கடைக் கஞ்சியில் ஒரு வாய்க்கு மேல் கணவருக்கு இறங்குவதில்லை. “திருடி மாதிரி இருக்கு எனக்கு.”

நஸீஹா தாளில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. நேராக விடுதிக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

“அக்கா, அவங்களுக்கு வேண்டியது உங்க டப்போர்.”

“என் அடுப்படியா? சாமி படம் இருக்கு லா அங்க. அவங்க மாட்டிறைச்சி வெப்பாங்க.”

“வேணாம்னு சொன்னா வெக்க மாட்டாங்க. நான் எத்தன தடவ அங்க டீ போட்டிருக்கேன்?”

“நீ வேற, அவங்க வேற.”

“நானும் மாட்டுக்கறிக் கொழம்பு விக்கிற நாசி கண்டார் கடைக்காரர் மவதான்.”

நல்லம்மாள் சிரிக்கவில்லை. “சரி, எழுதேன். அடுப்படி உண்டுன்னு போட்டுடு. வர்றப்ப பாத்துக்கலாம்.”

“நீங்க தொறக்காம நான் எழுத மாட்டேன், அக்கா. நோயாளிய வெச்சுக்கிட்டு நம்பி வருவாங்க.”

நல்லம்மாள் எழுந்து போனார். உள்ளே அலமாரி திறக்கும் சத்தம், பாத்திரங்கள் இடம் மாறும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்தே கேட்டார்: “அந்தப் பொம்பள புருஷனுக்கு இஞ்சி சேக்கலாமாமா?”

அன்று மாலை ரொஸ்னா வந்தார். நல்லம்மாளுக்கு அவர் பேசும் மலாய் பாதிதான் பிடிபட்டது. அடுப்பைக் குறைக்கச் சொல்லக் கையே போதுமாக இருந்தது. கஞ்சி கொதிக்கும் வரை இருவரும் பக்கத்தில் நின்றார்கள். பின்னாலிருந்து நஸீஹா ஒரு படம் எடுத்தாள். முகங்கள் தெரியாது, ஆவி தெரியும்.

புதிய தாளில் அந்தப் படம்தான் முன்பக்கம். கொய்த்தியாவ் போய்விட்டது. கீழே மூன்று வரி: உங்கள் நோயாளிக்கு நீங்களே சமைக்கலாம். மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு ஏழு நிமிட நடை.

“ரெண்டாவது வரியப் பாத்து ஓடிட மாட்டாங்களா?” என்றார் நல்லம்மாள்.

“வந்தப்புறம் வாசல்ல நின்னு சொன்னாத்தான் கோவம் வரும்.”

புதிய தாளின் முதல் பிரதியை ரொஸ்னா தன் கைப்பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனார். அவருடைய நாத்தனார் குடும்பம் ஐந்து பேராக வந்தது. அவர்கள் சொல்லி இன்னொரு குடும்பம். டிசம்பர் கடைசி வாரத்தில் மூன்று அறைகள் நிரம்பின. நான்காவதில் குழாய் பழுது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் அழைத்தபோது நல்லம்மாள் தன் அடுப்படியில் வெங்காயத் தட்டோடு வரிசையில் நின்றிருந்தார். முன்னால் இரண்டு மேடான் பெண்கள்.

“ஜொகூருக்கு டிக்கெட் போடட்டுமாம்மா?” என்றான் ஹரீஷ்.

“இப்ப வேணாம்ப்பா,” என்றார். “எனக்கே இன்னும் அடுப்பு கெடைக்கல.”