கன்னியக்கோயிலில் இறங்கியவள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அஞ்சலாட்சியின் எண்ணிலிருந்து ஃபோன் வந்தால், அவள் சைக்கிள் ஓட்ட வரவில்லை என்று அர்த்தம். வருகிற நாளில் அவள் ஃபோன் செய்யமாட்டாள், நேராக வந்து வாசலில் மணி அடிப்பாள். அதனால் போன மாதம் அந்த ஞாயிறு ஃபோன் அடித்தபோது ஹலோகூடச் சொல்லாமல் ஆரம்பித்துவிட்டேன். “இன்னைக்கு என்னாடி சாக்கு? முட்டி வலியா, வீட்டுக்கு விருந்தாளியா?” அந்தப் பக்கம் அவள் கணவர் முருகையனின் குரல். “டீச்சர், அஞ்சலாட்சி போயிட்டா. விடியக்கால நெஞ்சு வலிக்குதுன்னா. வண்டியில ஏத்தறதுக்குள்ளயே முடிஞ்சிருச்சு.” எனக்கு உடனே அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எதையும் முன்கூட்டிச் சொல்கிற பழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் எங்கள் அரசுப் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்தவர்கள். மீதிப் பேர் ஞாயிறு காலையில் கடற்கரைச் சாலையில் கூடுகிற சைக்கிள் குழுவினர். அவள் சமூக அறிவியல் டீச்சர், நான் கணக்கு. ஆசிரியர் அறையில் எங்கள் நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடந்தன. அஞ்சலிக் கட்டுரையில் ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை என்று தெரியும். எழுதிப் பார்த்தேன், வேறு யாரைப் பற்றியோ எழுதுவது போல இருந்தது. அடித்துவிட்டேன்.

இதை எழுதக் காரணம் ஒரு பேனர். பதினாறாம் நாள் காரியத்துக்காகக் குழுவினர் வீராம்பட்டினத்தில் அவள் வீட்டெதிரே கட்டியிருந்தார்கள். அவள் சிரிக்கிற படம், கீழே கொட்டை எழுத்தில், ‘சைக்கிளில் காரைக்கால் சென்று திரும்பிய சாதனைப் பெண்மணி’. சென்றாள், ஒப்புக்கொள்கிறேன். திரும்பவில்லை. கன்னியக்கோயிலில் இறங்கிவிட்டாள். கூட ஓட்டிக்கொண்டு வந்தவள் நான், எனக்குத் தெரியாதா? செத்துப்போனவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதாக நினைத்துக்கொண்டு, அவளைப் பற்றி ஒரு பொய்யை ஊர் முழுக்கப் பரப்பிக்கொண்டிருக்கிறோம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்பதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். காரைக்காலும் புதுச்சேரிதான், ஆனால் நடுவில் கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று தமிழ்நாடு நீளமாகக் கிடக்கிறது. எங்களைப் போன்ற அரசு ஊழியர்களுக்குக் காரைக்கால் என்றாலே டிரான்ஸ்பர் பயம்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் இருவர் பெயரும் அடிபட்டுக்கொண்டிருந்தது. நான் தூக்கமில்லாமல் புலம்பிக்கொண்டிருந்தேன். அவள் ஒருநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள், “யாராவது தூக்கிப் போடறதுக்கு முன்னாடி நாமளே சைக்கிள்ல ஒருதரம் போயிட்டு வந்துடலாம் வசந்தி. அப்புறம் பயம் விட்டுப்போயிடும்.” விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் வழியில் எங்கெங்கே நல்ல டீக்கடை இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தாள்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. கியர் சைக்கிள் வாங்கினேன், ஹெல்மெட் வாங்கினேன், உட்காருமிடத்தில் பஞ்சு வைத்த கால்சட்டை வாங்கி சுடிதாருக்குள் போட்டுக்கொண்டேன். அவளோ தன் மகள் காலேஜுக்கு ஓட்டிய பழைய கூடை வைத்த சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டாள், அவ்வளவுதான். பாண்டிச்சேரியில் மேடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது கோரிமேடு ஒன்றுதான். வாரம் தவறாமல் அங்கே ஏறி இறங்கிப் பழக வேண்டும் என்று திட்டம் போட்டேன். ஒருநாளாவது அவள் முழுசாக ஏறியிருப்பாளா? அங்கேயுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிற வெளியூர் பஸ்ஸிலிருந்து நோயாளிகளைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு யாராவது முழித்துக்கொண்டு நிற்பார்கள். இவள் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவாள். “ஓ.பி. சீட்டா? வாங்க, காட்டறேன்.” ஆஸ்பத்திரி வாசல் வரை அவர்கள் பையையும் கூடையில் வைத்துக்கொண்டு தள்ளிக்கொண்டே போவாள். நான் மேட்டின் உச்சியில் ஒற்றைக் காலை ஊன்றி நின்றுகொண்டு பல்லைக் கடிப்பேன். “பயிற்சிக்கு வந்தியா, தர்மகர்த்தா வேலைக்கு வந்தியா?” என்று ஒருமுறை கத்தியே விட்டேன். “ஏறினா எறங்கப் போறோம். இதுக்கு எதுக்குடி இவ்ளோ கோவம்?” என்றாள்.

நாள் குறித்தது நான். நவம்பர் முதல் தேதி, புதுச்சேரி விடுதலை நாள், அரசு விடுமுறை. அந்த வருடம் அது வெள்ளிக்கிழமையில் வந்து சனி ஞாயிறோடு ஒட்டிக்கொண்டது. லீவு நாளில் ரோடு காலியாக இருக்கும், வெள்ளி போய்ச் சனி திரும்பிவிடலாம், ஞாயிறு முழுக்கக் காலை நீட்டிப் படுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். இருட்டோடு கிளம்பினோம். அரியாங்குப்பம், தவளக்குப்பம் எல்லாம் ஆளரவமில்லாமல் கிடந்தது. என் கணக்கை நானே மெச்சிக்கொண்டேன். முள்ளோடையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும்தான் உறைத்தது. விடுதலை நாள் எங்களுக்குத்தானே, அவர்களுக்கு எதற்கு லீவு? ஸ்கூல் பஸ், காலேஜ் பஸ், கரும்பு டிராக்டர், மணல் லாரி எல்லாம் வரிசை கட்டி வந்தன. பாண்டிச்சேரிக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது. கணக்கு டீச்சர் போட்ட கணக்கைப் பார்த்து அஞ்சலாட்சி கடலூர் வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

அதற்கு முன்னாலேயே எல்லைச் சாவடியில் எங்களை நிறுத்திவிட்டார்கள். பாண்டிச்சேரியிலிருந்து போகிற எந்தப் பையையும் அங்கே சாராய பாட்டில் இருக்குமோ என்று சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள், ஐம்பதை நெருங்கும் இரண்டு டீச்சர்களாக இருந்தால் என்ன? அவள் கூடையில் மூன்று பாட்டில்கள், எல்லாவற்றிலும் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சம்பழச் சாறு. காவலர் ஒன்றைத் திறந்து மோந்து பார்த்தார். “குடிச்சே பாருங்க சார், ஒடம்புக்கு நல்லது” என்றாள். அவர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். காரைக்கால் என்றதும், “சைக்கிள்லயா? ஏம்மா, பஸ் இல்லையா?” என்றார். “பஸ் இருக்கு சார். அதுல போனா உங்களோட இப்படி நின்னு பேச முடியுமா?” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு நேரம் போகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவளோ டப்பாவைத் திறந்து அவருக்குப் புளிசாதம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சிதம்பரத்துக்குப் பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. மிதிக்காமலேயே சைக்கிள் ஓடியது. கொள்ளிடம் பாலத்தில் பாடிக்கொண்டே போனேன். என் பயிற்சி, என் கியர், என் கால்சட்டை எல்லாம் சேர்ந்து செய்த வேலை என்று நினைத்துக்கொண்டேன். பொழுது சாய்வதற்குள் காரைக்காலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். குழுவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலட்டிக்கொண்டேன். அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள், “வசந்தி, திட்டக் கூடாது. இன்னைக்கு நம்மளத் தள்ளிக்கிட்டு வந்தது வாடக்காத்து. நாளைக்குப் போவும்போது அதே காத்து எதுத்தாப்புல நிக்கும்.” எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. “உனக்கு முன்னாடியே தெரியுமாடி?” “கடக்கரையில பொறந்தவ, தெரியாம இருக்குமா? ஐப்பசின்னா வடக்கேருந்துதான அடிக்கும்.” “ஏன்டி சொல்லல?” “சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?” அந்த டீக்கடையில் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்த அந்தச் சனிக்கிழமையை என் விரோதிக்கும் கொடுக்க மாட்டேன். காற்று மூஞ்சியில் அறைந்தது. தரங்கம்பாடி தாண்டியதும் மழையும் சேர்ந்துகொண்டது. நேற்று பாடிக்கொண்டு வந்த பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். என் கியர் எந்த நம்பரில் இருந்தாலும் ஒன்றுதான். சிதம்பரம் வரை நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பாட்டுக்குப் பின்னால் வந்துகொண்டு, நான் பேசாததைக் கவனிக்காதவள் மாதிரி, “அந்த வயலப் பாரேன், முழுசா முழுகிருச்சு” என்று பேசிக்கொண்டே வந்தாள். முன்னால் போய்க் காற்றை வாங்கியதெல்லாம் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கடலூர் வந்தபோது என் கோபம் போய்விட்டிருந்தது. முடித்துவிடுவோம் என்று தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் ஒன்றாகக் கடற்கரைச் சாலைக்குள் நுழைவதை நினைத்து நினைத்துத்தான் மிதித்தேன். வாழ்க்கையில் நான் அதிகமாக ஆசைப்பட்ட காரியங்களில் அது ஒன்று.

கன்னியக்கோயில் பஸ் நிறுத்தத்தில் அவள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். தண்ணீர் குடிக்க என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டாள். “முடியல வசந்தி. அவ்ளோதான்.” முட்டி வீங்கியிருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இன்னும் ஒரு மணி நேர ஓட்டம்தானே! கெஞ்சினேன், அதட்டினேன், மெதுவாகப் போகலாம் என்றேன், தள்ளிக்கொண்டாவது வா என்றேன். அவள் சமூக அறிவியலை எடுத்துவிட்டாள். “இங்க பாரு. காரைக்காலும் பாண்டிச்சேரி, கன்னியக்கோயிலும் பாண்டிச்சேரி. பாண்டிச்சேரில கெளம்பி பாண்டிச்சேரிக்கு வந்தாச்சு. இதுக்கு மேல என்னா வேணும் ஒனக்கு?” எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் ஃபோன் போட்டு முருகையனை வரச் சொல்லிவிட்டாள். அவர் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றுகிறவர். ஐஸ் பெட்டிகளோடு அப்படியே லோடு வண்டியில் வந்து இறங்கினார். “டீச்சர், நீங்களும் ஏறுங்களேன், எடம் இருக்கு” என்றார் பாவம். நான் ஏறவில்லை. நான் முன்னால் ஓட்ட, அந்த வண்டி ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. முன் சீட்டில் வறுத்த வேர்க்கடலை தின்றுகொண்டு, கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, “பள்ளம்டி! பாத்து! பள்ளம்!” என்று கடற்கரைச் சாலை வரை கத்திக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் இரண்டு சால்வையோடு நின்றார். இருவரும் சாதித்துவிட்டதாகப் பேசி முடித்து, முதலில் அவளைக் கூப்பிட்டார். அவள் நொண்டிக்கொண்டு போய் மைக்கைப் பிடித்தாள். “சார், நான் கன்னியக்கோயில்லயே லோடு வண்டியில ஏறிட்டேன். ரெண்டு சால்வையும் வசந்தி டீச்சருக்கே போடுங்க.” பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. பிறகு கேட்டேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று. “முடியலன்னா முடியலதான். அத வெளிய சொல்றதுல என்னா கொறஞ்சு போச்சு?” என்றாள். எங்கள் இருவருக்கும் டிரான்ஸ்பரும் வரவில்லை. அதற்கும் சேர்த்துச் சிரித்தாள்.

இப்படி ஒருத்தியைத்தான் பேனரில் ‘சென்று திரும்பியவள்’ ஆக்கியிருக்கிறார்கள். மாற்றச் சொல்லுங்கள் என்று முருகையனிடம் சண்டைக்கே போனேன். அவர் அழுதழுது வீங்கின கண்ணோடு, “விடுங்க டீச்சர். போய்ச் சேந்தவளுக்கு அந்தக் கொஞ்ச தூரத்தக் கொடுத்துட்டுப் போவட்டும்” என்றார். வந்துவிட்டேன். அதோடு போகவில்லை. நான் போட்ட சண்டையைக் கேள்விப்பட்ட குழுவினர் இப்போது அவள் நினைவாக எல்லோரும் கன்னியக்கோயிலிலிருந்து கடற்கரைச் சாலை வரை ஓட்டி, அவள் விட்ட தூரத்தை அவளுக்காக ‘நிறைவு செய்ய’ப் போகிறார்களாம். என்னை முன்னால் ஓட்டச் சொல்கிறார்கள்.

நான் வரமாட்டேன். காரணத்தையும் சொல்கிறேன். அந்த மிச்சத்தை ஓட்டி முடித்துவிடலாம் வா என்று இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் நான் அவளுக்கு ஃபோன் செய்தேன். முட்டி சரியாகிவிட்டதே, பஸ் நிறுத்தம் வரை வண்டியில் போய் அங்கிருந்து ஓட்டினால் போதுமே என்றெல்லாம் சொல்வேன். வருகிறேன் என்பாள். ஞாயிறு காலையில் ஃபோன் அடிக்கும், ஏதாவது சாக்கு சொல்வாள், அப்படியே ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசுவோம். என் வீட்டுக்காரர் போன பிறகு, பையன் வெளிநாடு போன பிறகு, வீட்டில் நான் வாய் திறந்து பேசுகிற பேச்சு பெரும்பாலும் அதுதான். அவள் இறப்பதற்கு முந்தின நாளும் கூப்பிட்டேன். “எப்பதான்டி முடிக்கப் போற?” என்று கத்தினேன். அவள் நிதானமாகச் சொன்னாள். “அது மிச்சம் இருக்கறதாலதான நீ வாராவாரம் ஃபோன் பண்ற. முடிச்சிட்டா கூப்புடுவியா?” “லூசு” என்றேன். சிரித்துக்கொண்டே, “சரி, காலையில பாக்கலாம்” என்றாள்.

அவளிடமிருந்து எனக்கு என்று இருப்பது அந்தக் கொஞ்ச தூரம்தான். ரோடு பொதுவானது, தாராளமாக ஓட்டுங்கள். அவள் பேரைச் சொல்லி மட்டும் அதை முடித்துவிடாதீர்கள். நேற்று சனிக்கிழமை. சாயங்காலம் அவள் எண்ணுக்கு ஃபோன் செய்தேன். முருகையன் எடுத்தார். பேச எனக்கு வரவில்லை, அவருக்கும் வரவில்லை. இரண்டு பேரும் ரொம்ப நேரம் வைக்காமல் இருந்தோம்.