தூங்கவிடாமல் ஓடவிட்டார்கள்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் கால்கள் மேல் அப்படியோர் அக்கறை. அவித்த முட்டை, ஊறவைத்த பாதாம், பிரான்சிலிருந்து வந்த ஆணி வைத்த ஷூ, எதற்கும் குறையில்லை. தூக்கம் மட்டும் கிடையாது. சும்மா கிடைக்கிற பொருள் என்பதால் அதற்கு மதிப்பில்லை போலிருக்கிறது.

பெரியம்மாவைக் கட்டிய புண்ணியத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று அங்கே போய்விட்ட பெரியப்பா, இரவுச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவியதும் வீடியோ காலில் வருவார். அப்போது காரைக்காலில் நடுநிசி தாண்டியிருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால், எங்கள் தெருவில் இப்படிப் பிரான்ஸ் கடிகாரத்தில் வாழும் வீடுகள் பல உண்டு. போனை எடுக்காமலிருப்பது அவமரியாதை. பள்ளியில் எண்ணூறு மீட்டர் ஓடிக்கொண்டிருந்த என்னைக் காட்டாமலிருப்பது அதைவிடப் பெரிய அவமரியாதை.

"எந்திரிம்மா, பெரியப்பா லைன்ல இருக்காங்க. ஒரு வணக்கம் சொல்லிட்டுப் படுத்துக்க" என்பார் அப்பா. ஒரு வணக்கத்தோடு விட்டவர் யார்? பெரியம்மா, அவர்கள் மகன், அன்றைக்கு விருந்துக்கு வந்த யாரோ ஒரு மாமி வரை என்னைப் பார்த்தாக வேண்டும்.

விடியுமுன் கடற்கரை மணலில் பயிற்சி. கொட்டாவி விட்டால் பி.டி. மாஸ்டருக்குப் பொறுக்காது. "தூங்குனவன் கன்னு கடாக்கன்னு, தெரியும்ல?" என்பார். அவர் வீட்டில் மாடே கிடையாது. எங்களை விரட்டி ஓடவிட்டுப் பள்ளிக்கு வந்ததும், பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு அவர் விடும் குறட்டை எங்கள் வகுப்புவரை கேட்கும். பாடத்தில் நான் கண்ணயர்ந்தால் மட்டும் சோம்பேறி.

மாநில அணித் தேர்வு புதுச்சேரியில் நடந்தது. அந்த அணியில் ஓர் இடம், எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். முந்தைய நாள் அப்பாவிடம் கெஞ்சினேன்.

"இன்னிக்கு மட்டும் எழுப்பாதீங்கப்பா."

"நல்ல காரியத்துக்குப் போறப்ப பெரியவங்க ஆசீர்வாதம் வாங்காமயா போறது?"

வாங்கினேன். போனைச் சுவரோரம் நிறுத்தி, அதன் முன்னால் விழுந்து கும்பிடச் சொன்னார்கள். விழுந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். என்ன பணிவு என்று பெரியம்மா மெச்சினாராம்.

அதிலிருந்து எழுப்பி நேராக முதல் பஸ். மைதானத்துப் பந்தலில் ஷூவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது வரை நினைவிருக்கிறது. மாஸ்டர் டீ குடிக்கப் போயிருந்தார். மைக்கில் என் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். துப்பாக்கிச் சத்தத்தில் திடுக்கிட்டு விழித்தபோது, நான் ஓட வேண்டிய ஓட்டத்தில் மற்ற பெண்கள் முதல் வளைவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே வாய்விட்டு அழுதேன்.

பிறகு பெரியவர்களின் ஆராய்ச்சி தொடங்கியது. கண் பட்டுவிட்டது என்று அப்பா மிளகாய் சுற்றிப் போடச் சொன்னார். பயிற்சியை இன்னும் சீக்கிரம் ஆரம்பித்திருக்க வேண்டும் என்றார் மாஸ்டர். சத்து மாத்திரை அனுப்புவதாகப் பெரியப்பா வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினார். இவர்கள் புத்தியை என்னவென்று சொல்வது!

அன்று ராத்திரியும் போன் வந்திருக்கிறது. என்னை யாரும் எழுப்பவில்லை. தோற்றுவந்தவளைக் காட்டி என்ன ஆகப்போகிறது? வெயில் சுள்ளென்று ஏறும்வரை தூங்கினேன்.

சாயங்காலம் மனது கேட்காமல் கடற்கரைக்குப் போய் ஓடினேன். இவை என் கால்கள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அவ்வளவு வேகமாக நான் அதற்குமுன் ஓடியதே இல்லை. அணியை அறிவித்தாகிவிட்டது. பக்கத்தில் நேரம் பார்க்கக்கூட ஆளில்லை.