இங்கிலீஷ் நடக்கிற ஊர்கள்

"உனக்கு வேற வேலையே இல்லையாடி? புருஷன் ஊரை விட்டுப் போனப்ப எப்படி இருந்துச்சுன்னு பேத்தி எடுத்தவ கிட்ட வந்து கேக்கறியே, வெக்கமா இல்ல?" என்று தங்கை மகளைத் திட்டினேன். அவள் நகரவில்லை. நகர்ந்துவிடக் கூடாதே என்றுதான் நானும் உட்காரச் சொல்லிவிட்டுத் திட்டினேன்.

என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீசுக்கு எதிரே டைப் அடிக்கும் கடையில் வேலை பார்த்தார். மனு, பத்திரம், அப்பீல் எல்லாம் இங்கிலீஷில். தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே அடிப்பார். விரல் தன்பாட்டுக்கு ஓடும். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் என்றால் எனக்கு அவர் விரல் சத்தம்தான்.

எழுபதுகளில் ஒரு வருஷம், ஆபீஸ் காகிதமெல்லாம் இனிமேல் தமிழில்தான் என்று கெடுபிடியானது. கடை முதலாளி ஒரு தமிழ் மிஷின் வாங்கி வைத்து, "ஒரு மாசம் பழகிக்கோங்க, வந்துடும்" என்றார். முதல் நாள் இவர் அதில் ஒரு வரி அடித்து முடிப்பதற்குள் டீ இரண்டு முறை ஆறிப் போயிற்றாம். முதலாளி சிரித்துவிட்டார்.

அன்று சாயந்திரம் சட்டையைக் கழற்றாமலே சொன்னார்: "இங்கிலீஷ்ல சர்க்கார் நடக்கற ஊரு உலகத்துல எவ்வளவோ இருக்குது. அங்க போறேன்."

"போங்க. சோறும் அந்த சர்க்காரையே ஆக்கிப் போடச் சொல்லுங்க" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். எப்போதும் என் பேச்சுக்குச் சிரிக்கிறவர் அன்று சிரிக்கவில்லை. அந்த வாரமே போய்விட்டார். மெட்ராசிலிருந்து ஒரு கார்டு வந்தது: கப்பல் கிடைத்துவிட்டது, போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன். எந்த ஊருக்கு என்று எழுதவில்லை.

மகள் அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டேன். வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற இடம். அவர்களைக் கேட்டால் இங்கிலீஷ் நடக்கிற ஊர் எதுவென்று தெரிந்துவிடும், இவர் எங்கே இருப்பார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. பத்து ஊர் இருக்குமா? பத்துக்கும் ஒரு கார்டு போட்டால் முடிந்தது.

பக்கத்து டீக்கடை பாய் சின்ன வயதில் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர், இங்கிலீஷ் பேசுவார். அவரைப் பிடித்தேன்.

"பாய், இந்த ஆள் ஊர்ல சர்க்கார் காகிதம் எந்தப் பாஷையில வருதுன்னு கேளுங்க."

"இட்லி வேணுமான்னு கேக்கறத உட்டுட்டு இன்னாக்கா இது?"

"அது நானே கேட்டுக்குவேன். இதைக் கேளுங்க."

முதலில் வந்தவர் பிரான்சுக்காரர். அவர் ஊரில் இங்கிலீஷ் செல்லாது என்றார். வெள்ளைத் தோலாக இருந்தால் இங்கிலீஷ்தான் என்று நினைத்திருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்து அயர்லாந்துக்காரர். அவர்களுக்குச் சொந்த பாஷைதான் முதலில், இங்கிலீஷ் இரண்டாவது என்றார். பிறகு அமெரிக்காக்காரி ஒருத்தி. எங்கள் நாட்டில் எல்லாம் இங்கிலீஷில்தான் நடக்கிறது, ஆனால் அதுதான் சர்க்கார் பாஷை என்று சட்டம் எதுவும் இல்லை என்றாள்.

"இவ பொய் சொல்றா, பாய்."

"இல்லக்கா. இங்கிலாந்துலயே அப்படி ஒரு சட்டம் கெடயாதாம்."

"அதுவும் சரிதான். சொந்த ஊட்டுக்காரன் வாசல்ல நின்னு இது என் வூடுன்னு கத்துவானா?"

அப்புறம் ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனுஷன், எட்டு இட்லி சாப்பிடுவார். அவர் அம்மா பேசுவது ஒரு பாஷை, அடுத்த ஊர்க்காரன் பேசுவது இன்னொன்று, ஆபீசுக்குப் போனால் இங்கிலீஷ். அந்தப் பக்கத்து நாடுகள் பலதும் அப்படித்தான் என்று விரல் மடக்கினார். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனார். அதற்கு மேல் எண்ண வேண்டாம் என்று பாயைச் சொல்லச் சொன்னேன்.

தேடினால் ஆள் கிட்டே வர வேண்டும் அல்லவா? இங்கே ஒவ்வொருவர் "ஆமாம்" என்று தலையாட்டும்போதும் இவர் இன்னும் கொஞ்சம் தூரம் போனார். சாயந்திரம் பாத்திரம் கழுவும்போது, ஏதாவது ஓர் ஊரில் தெருவைப் பார்த்துக்கொண்டே இவர் விரல் ஓடுகிற மாதிரி இருக்கும். சத்தம் மட்டும் வராது.

இரண்டு வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. சிங்கப்பூர் முத்திரை. அந்த ஊரைப் பற்றி யாரிடமும் கேட்கவே இல்லை. பாய் கையை நீட்டினார், நான் கொடுக்கவில்லை. பிரித்தால், முழுக்கத் தமிழ். கையால் எழுதியது இல்லை, மிஷினில் அடித்தது. நானே எழுத்துக் கூட்டினேன்.

வேலை கிடைக்காமல் எழுத வெட்கமாக இருந்தது என்று ஆரம்பித்திருந்தார். இங்கே சர்க்காருக்கு நாலு பாஷை. இங்கிலீஷ் ஒன்று, தமிழும் ஒன்று. இங்கிலீஷ் அடிக்க ஆள் ஜாஸ்தி, தமிழ் அடிக்க ஆள் கம்மி. அச்சாபீசில் என்னைத் தமிழ் மிஷினில் உட்கார வைத்துவிட்டார்கள்.

கடை நடுவில் நின்று அப்படிச் சிரித்தேன், சாம்பார் வாளியைப் பாய் வந்து வாங்கிக்கொண்டார். எதற்குப் பயந்து கடல் தாண்டினாரோ அதுவே அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது! இப்போதுதான் தமிழ் மிஷின் பழகிவிட்டாரே, அடுத்த கப்பலில் வந்துவிடுவார் என்று மிச்சத்தைப் படித்தேன்.

அச்சாபீஸ் முதலாளி என்னை விட மாட்டேன் என்கிறார், இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று இருந்தது. நான் படித்த படிப்புக்குத் தப்பாகக் கூட்டியிருப்பேன் என்று மறுபடி கூட்டினேன். எத்தனை தடவை கூட்டினாலும் மூன்றுதான் வந்தது.

மறுநாள் காலை தெருக் குழாயில் குடத்தை வைத்ததுமே அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "இன்னாக்கா, கடுதாசி வந்துச்சாமே? எப்ப வராராம்?"

"அந்த ஊர் சர்க்காருக்குத் தமிழ் அடிக்க இவர விட்டா ஆளே இல்லியாம். கெஞ்சறாங்களாம்" என்றேன். "நான்தான், பாவம், இன்னும் மூணு வருஷம் வச்சிக்கோங்கன்னு சொல்லிட்டேன்."