டின்னில் வளர்ந்த மாங்கன்று

எங்கள் தீவில், லாங் மவுண்டன் ஊரில், எங்கள் குத்தகைக் கரும்புக்கு அடுத்த குத்தகைத் துண்டு ஒரு அண்ணனுடையது. ஒட்டிய கன்னம், காய்ப்பேறிய கை. தோட்டத் துரைமார் குத்தகையை முடித்துவிட்ட ஒவ்வொரு முறையும் குடிசையைப் பிரித்துக்கொண்டு வேறு இடம் போனவர். மண்ணெண்ணெய் டின்னில் வளர்த்த ஒரு மாங்கன்றும் கூடவே வண்டியில் ஏறும்.

தினமும் சாயங்காலம் டின்னைச் சாய்த்து, அடி ஓட்டையில் எட்டிப் பார்க்கும் வேரை அரிவாளால் நறுக்குவார். எனக்குப் பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

"தரையில வச்சிடலாமே அண்ணே" என்றேன் ஒருநாள்.

"வேர் ஓடிட்டா எப்படித் தூக்கிட்டுப் போறது? காய்க்கிறப்போ வேற எவனோ திம்பான்."

கடைசியில் மலையடிவாரத்தில் கல்லும் முள்ளுமாக ஒரு துண்டு நிலம் அவருக்கே சொந்தமானது. கல்லைப் பெயர்த்துக் குழி வெட்டினார். டின்னை அறுத்து எடுத்து, மண்கட்டி உடையாமல் கன்றை அப்படியே இறக்கினார். உடைந்தால் வாடிவிடும் என்று பயம். சீக்கிரமே அது ஆள் உயரம் தாண்டியது.

அடுத்த புயலில் சாய்ந்துவிட்டது. நான் போனபோது அவர் வேரைத் தடவிக்கொண்டிருந்தார். அது வெளியே ஓடவே இல்லை. டின்னின் நாலு மூலை வடிவம் மாறாமல், தன்னையே சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தது.

"டின்னத்தான் எடுத்துட்டேனே தம்பி" என்றார்.

சில வாரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். அவர் வாசலில் புதிதாக ஒரு மாங்கன்று துளிர்த்திருந்தது. சொந்த நிலம், சொந்த வாசல். அதையும் டின்னில்தான் வைத்திருந்தார்.