போகத் தெரியாத நாய்

ஹீட்டர் சூடேறியதும் அந்த மணம் எழும்பிவிடும். மாடிப்படிக்குக் கீழே காயும் கோட்டிலிருந்து, சேறு அப்பிய பூட்ஸிலிருந்து, கம்பளத்தின் அடிவயிற்றிலிருந்து. உப்பு, சேறு, ஈர நாய்மயிர். சாம்பிராணி போட்டுப் பார்த்தேன், சாம்பிராணிதான் தோற்றது. அந்த மணம் வந்தால் இப்போதும் என் கை தானாக விரிகிறது, சூடான ஈரமான ஒன்றை யாரோ அதில் வைக்கப் போவதைப்போல.

அவன் வந்ததே ஓர் அதிர்ச்சி. வெள்ளிக்கிழமை. அடுப்பில் பருப்பு. கணவர் பஸ் டிப்போவில் ஷிப்ட் முடிந்து வந்து, குளிர்ச்சட்டையின் ஜிப்பைக் கீழே இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு கறுப்புத் தலை வெளியே வந்து, என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

“இஞ்சாருங்கோ, என்ன இது?”

“லாப்ரடோர்.”

“அது தெரியுது. ஏன்?”

“சுட்டு விழுந்த தாரா எடுக்க.”

கறிவேப்பிலை எடுக்க என்பதுபோலச் சொன்னார். கோழிக்கடையில் வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர். அவர் எசெக்ஸ் கரைக்குக் காட்டுத்தாரா என்கிற காட்டு வாத்து சுடப் போகத் தொடங்கியதே எனக்கு இன்னும் செரிக்காமல் கிடந்தது. அந்தப் பைத்தியத்தைத் தொற்றவைத்தவர் அவருக்குப் பின்னால் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். டிப்போவில் கூட வேலை செய்யும் மன்னார்க்காரர், லண்டன் டூட்டிங்கில் குடியிருப்பவர், எங்கள் இருவருக்கும் மூத்தவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர். துப்பாக்கி லைசென்ஸ் எடுக்க வைத்ததும் அவர், துவக்குப் பிடிக்கப் பழக்கியதும் அவர், தனக்குத் தெரிந்த பண்ணையில் இந்தக் குட்டியைப் பேசி வாங்கியதும் அவர்.

“தங்கச்சி, மடியில வைச்சுக் கொஞ்சிப் பழுதாக்கிப் போடாதேங்கோ. இவன் வேலைக்காரன். அடுத்த சீசன் முடியிறதுக்குள்ள தண்ணியில இறங்கித் தாரா எடுக்காட்டி, பண்ணைக்காரி இவனைத் திருப்பி எடுத்துப்போட்டு வேற ஒண்டு தருவா. பேசியாச்சு.”

“இப்பவே திருப்பிக் குடுங்கோ” என்றேன். கீழே இறக்கிவிட்ட குட்டி தள்ளாடி வந்து என் பாதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டான்.

பண்ணை கொடுத்த காகிதத்தில் அவனுக்கு அரண்மனைக்காரர்களுக்கு வைப்பதுபோல ஒரு நீண்ட பெயர் இருந்தது. நான் டேய் என்றேன். அதற்குத்தான் திரும்பினான்.

பிறகு அதிர்ச்சிகள் வரிசையில் நிற்கவில்லை, முண்டியடித்துக்கொண்டு வந்தன. மகள் ஐஸ்கிரீம் தேடி ஃப்ரீஸரைத் திறந்துவிட்டு அலறினாள். “அம்மா! ஃப்ரீஸருக்குள்ள ஒரு ஃபேஸ் இருக்கு!” பச்சைத் தலையோடு ஒரு தாரா, பட்டாணிப் பைகளுக்கு நடுவே கண்மூடிப் படுத்திருந்தது. அதன் சிறகைக் கான்வஸ் உருளை ஒன்றில் கட்டி, வால்தம்ஸ்டோவின் சதுப்பு வெளியில் எறிந்து பழக்குவார்களாம். நீள விசில் ஒன்று என்றால் உட்கார வேண்டும். குட்டி விசில்கள் என்றால் ஓடி வர வேண்டும். கணவர் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டு, வீட்டுக்குள்ளும் ரெஃபரி மாதிரி நடந்தார்.

வெடிச்சத்தத்துக்குப் பழக்க என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு வயல்வெளிக்குப் போனார்கள். நாயைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நிற்பது என் வேலை. முதல் வெடி. நாய் காதை ஒரு தரம் அசைத்தான். நான் நிலத்தில் கிடந்தேன். எப்போது விழுந்தேன், எப்படி முழங்கையால் தலையை மூடினேன், ஒன்றும் தெரியாது. இத்தனை வருட லண்டன், நான் எழுதிய இத்தனை கவிதைகள், ஒரு சத்தத்தில் கழன்று விழுந்துவிட்டன. என் காதோரம் ஒரு ஈர மூக்கு, என்ன செய்கிறாய் என்று கேட்பதுபோல.

அண்ணை துவக்கை மடித்துப் போட்டபடி ஓடி வந்தார்.

“எழும்புங்கோ தங்கச்சி, பயப்பிடாதேங்கோ! இந்த முறை சுடுறது நாங்கள்தான்!”

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

உட்காரச் சொன்னால் உட்கார்ந்தான். வரச் சொன்னால் வந்தான். வெடிக்குப் பயமில்லை, தண்ணீருக்கும் பயமில்லை. ஒன்றுதான் வராது: போக வராது. கணவர் உருளையை எறிந்து, கையை நீட்டி, “ஃபெட்ச்!” என்று தொண்டை வெடிக்கக் கத்துவார். அவன் அந்தக் கையைப் பார்ப்பான். பிறகு அவருடைய முகத்தைப் பார்ப்பான். பெரிய மனிதர் ஏதோ விளங்காமல் பேசுகிறார், குறுக்கே பேசக்கூடாது என்பதுபோல மரியாதையாக உட்கார்ந்திருப்பான். கடைசியில் உருளையை எடுத்து வருவது கணவர்தான்.

“நாய் உங்களை நல்லாப் பழக்கிப்போட்டுது” என்று டிப்போவில் அவரைக் கேலி செய்தார்களாம்.

காலையில் எல்லோரும் போன பிறகு நானும் அவனும்தான். கணவர் இருட்டோடு வெளிக்கிடுவார்: “போட்டு வாங்கோ” என்பேன். மகள் கல்லூரிக்கு ஓடுவாள்: “போட்டு வா பிள்ளை.” போய்விட்டு வா என்பதை விழுங்கிச் சுருக்கி நாங்கள் வைத்திருக்கும் சொல். வாசலில் நிற்பவரைப் பார்த்து வெறும் ‘போ’ என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. போட்டு வா என்று அனுப்பியவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள் என்றில்லை. ஆனாலும் சொல்வதை விடவில்லை. மகளுக்குப் பிறகு பின்கதவைத் திறந்து அவனையும் தோட்டத்துக்கு அனுப்புவேன்: “போட்டு வாடா மோனை.” அவன் போவான், வேலையை முடிப்பான், வெறும் வாயோடு திரும்பமாட்டான். ஒரு கையுறை. பக்கத்து வீட்டுப் பந்து. ஒருநாள் வேலிக்கு அப்பால் கோழி வளர்க்கிறவர்களின் முட்டை, கீறல்கூட இல்லாமல், எச்சிலில் பளபளத்துக்கொண்டு. அந்தப் பற்களுக்கு நடுவே அந்த ஓடு எப்படிப் பிழைத்தது என்று கதவோரம் திகைத்து நின்றேன். பிஸ்கட் துண்டைக் காட்டினால்தான் வாயைத் திறப்பான். தினமும் காட்டினேன். அதைப் பார்க்க வீட்டில் வேறு ஆளில்லை, பார்த்துக்கொண்டிருந்த எனக்கோ மூளை வேலை செய்யவில்லை.

இரண்டாவது சீசனின் கடைசிச் சனிக்கிழமை. அன்றோடு முடிவு என்று அண்ணை சொல்லிவிட்டார். குட்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்று முதல்நாள் சொன்னவள் நான். அன்று காலை யாரும் கேட்காமல் காரில் ஏறி உட்கார்ந்தவளும் நான்.

எசெக்ஸ் கரையில் வானம் நிலத்துக்கு மிகக் கிட்ட இருக்கும். சாம்பல் நிறச் சேறு, சாம்பல் நிறத் தண்ணீர், நடுவே ஒரு கடலணை. தாராக்கள் சத்தமில்லாமல் வந்தன. கணவர் சுட்டார். இம்முறை நான் நின்றபடியே நடுங்கினேன், அவ்வளவுதான். ஒரு பறவை மடங்கி, ஓடைக்கு அந்தப் பக்கக் கரையில் விழுந்தது. இடுப்பளவு சேறு, மனிதர் இறங்க ஏலாது.

“ஃபெட்ச்!”

அவன் அவருடைய கையைப் பார்த்தான்.

“ஃபெட்ச்! டேய், ஃபெட்ச்! போடா! போ!”

போ என்றதும் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குத் தெரிந்த வரையில் அது ஏச்சு.

அண்ணை தன் காரின் பின்கதவைத் திறந்தார். பண்ணை அவர் போகும் வழியில் இருந்தது. கணவர் நாயைக் கூட்டிவந்து ஏற்றி, கயிற்றைக் கழற்றி என் கையில் தந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வேற குட்டி வரும்” என்றார் கடலைப் பார்த்து.

“வேற குட்டி ஆருக்கு வேணும்?”

“இஞ்சாரும், பேசினது பேசினதுதானே.”

நான் குனிந்து அந்தக் கறுப்புத் தலையை இரண்டு கைகளாலும் பிடித்தேன். அழக்கூடாது என்று நினைத்தேன். வாசலில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்கிற சொல்லைத் தவிர வேறொன்றும் என்னிடம் இருக்கவில்லை.

“போட்டு வாடா மோனை.”

என் கைகள் வெறுமையாகின. அவன் என் தோளை உரசித் தாண்டி, கடலணைமேல் ஏறி, மறைந்தான். தொப்பென்று தண்ணீர்ச் சத்தம். அண்ணை கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதியில் நிறுத்தினார். நாங்கள் அணைமேல் ஏறியபோது ஒரு கறுப்புத் தலை ஓடையைக் கிழித்துக்கொண்டு போய், அந்தக் கரையில் ஏறி, நாணலுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது. மூச்சுவிடப் பயந்து நின்றோம். திரும்பி நீந்தினான். அவர்கள் இருவரையும் கடந்து வந்து, என் முன்னால் உட்கார்ந்து, பிஸ்கட்டுக்காக என் கையைப் பார்த்து, வாயிலிருந்ததை அதில் வைத்தான்.

அது உயிரோடிருந்தது. ஓர் இறகுகூடக் கசங்காமல், என் உள்ளங்கைக்குள் அதன் நெஞ்சு அடித்தது. என் சொல் போய் அதைக் கொண்டுவந்திருக்கிறது என்பது எலும்புக்குள் இறங்க, நான் அசையாமல் நின்றேன். அண்ணை மெதுவாக அதை வாங்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். எங்களைப் பார்த்துத் திரும்பியபோது அவருடைய கைகளில் அது தலை தொங்கி அமைதியாக இருந்தது.

“என்ன சொன்னனீர்?” கணவரின் குரல் உடைந்திருந்தது.

“போட்டு வா எண்டு.”

அண்ணை தன் தொப்பியைக் கழற்றிச் சேற்றுக்குள் வீசினார். “டேய், போட்டு வா!”

தொப்பி வந்து சேர்ந்தது. என் கையில்தான்.

“அட நாசமே! இவ்வளவு காலமும் நாங்கள் இங்கிலிசில கத்திச் செத்தம். இவன் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை!”

கணவர் சேற்றிலேயே உட்கார்ந்து, நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அண்ணை காரின் பின்கதவை மூடினார். பண்ணைக்காரிக்குத் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். தொப்பியைப் பிழிந்து, நனைந்தபடியே தலையில் வைத்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறினார். கண்ணாடி இறங்கியது.

“அப்ப வாறன் தங்கச்சி.”

என் வாய் திறந்தது. காலடியில் சேறு சொட்ட உட்கார்ந்திருந்தவன் காதை உயர்த்தி, என் உதட்டையே பார்த்தான். பின்னங்கால்கள் தயாராகிவிட்டன.

“சொல்லாதேயும்!” கணவர் பாய்ந்து அவனுடைய கழுத்துப் பட்டியைப் பிடித்தார். “கடலுக்குள்ள போயிடுவான், சொல்லாதேயும்!”

எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அண்ணை காத்திருந்தார். அந்தச் சொல் இல்லாமல் நான் யாரையும் அனுப்பியதில்லை.

“சரி அண்ணை” என்றேன். “போங்கோ.”