பாறையில் நின்று கூப்பிட்டது

என் கையெழுத்தை முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு ஆட்டுக்குப் பின்னால் போனவன் நான். பேனாவைப் பிடித்தால் எழுத்து ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டு உருண்டு தனித்தனியாக விழும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பதில் இன்றைக்கும் சந்தேகம்தான். தீப்பெட்டி ஆபீஸில் வாட்ச்மேன் வேலை பார்ப்பதால், வருகிறவர் போகிறவர் பெயரை எழுதிக் கை கொஞ்சம் பழகியிருக்கிறது. சேர்ந்தாற்போல ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுவது இதுதான் முதல் தடவை.

எழுத வைத்தது கருவாடு. போன வாரம் கோவில்பட்டியில் என் அண்ணன் மகள் முத்துலட்சுமி வீட்டுக்குப் போயிருந்தேன். மதினியும் மகளோடுதான் இருக்கிறார். தெருவில் ஒரு பெண் கருவாட்டுக் கூடையோடு வந்தாள். முத்துலட்சுமி சாளைக் கருவாடு வாங்கி முறத்தில் வைத்தாள். மதினி சும்மா இருக்காமல், "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டார். அந்தப் பெண் ஒரு கடற்கரை ஊரின் பெயரைச் சொன்னாள். மதினி எழுந்து முறத்தோடு தெருவில் கொட்டிவிட்டார்.

"ஒரு உசுரு முங்குறதப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்த ஊரு. அந்த ஊரு உப்பு எங்க வீட்டுல ஏறக் கூடாது!"

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணை ஊதிக் கூடையில் போட்டாள். நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கருவாட்டு வாசம் மட்டும் மூக்கில் ஏறி, என்னை அந்தப் பாறைக்கே கொண்டுபோய்விட்டது.

எங்கள் ஊர் பசுவந்தனைப் பக்கம். கரிசல் காடு. உளுந்தும் பாசியும் எடுத்து முடித்தால், மாசிக் கடைசியில் நிலம் வாய் பிளக்கத் தொடங்கும். ஆட்டின் கால் உள்ளே போகிற அளவு வெடிப்பு. கண்மாயில் சேறுதான் மிஞ்சும். அப்போது நானும் அண்ணன் மாடசாமியும் ஆடுகளைக் கிழக்கே ஓட்டிக்கொண்டு போவோம். இரண்டு நாள் நடை. கடலோரத்தில் உடைமரம் நிறைய. காய் உதிர்ந்து கிடக்கும். பனங்காட்டில் உரத்துக்காக ஆட்டுக் கிடை போடச் சொல்வார்கள். ரோமம் வெட்டுவதற்கு முன்னால் ஆட்டைக் கடலில் குளிப்பாட்டினால் சொறி போகும் என்பது எங்கள் வழக்கம். போகும்போது ஆடு வெள்ளாமைக் காட்டுப் புழுதியில் கறுத்திருக்கும். கடல் கண்டதும் வெளுத்துவிடும். நானும்தான் கொஞ்சம் வெளுத்தேன் என்று அண்ணன் சொல்வான். நம்புகிற மாதிரியான நிறம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

அங்கே கரை மணலாக இருக்காது. தட்டையான பாறை ஒன்று கடலுக்குள் நீண்டிருக்கும், கிடா முட்டுவதற்குத் தலையைத் தாழ்த்தின மாதிரி. காலையில் அந்தப் பாறை இளஞ்சூடாக இருக்கும். குளித்துவிட்டு வயிற்றை அதில் ஒட்டிப் படுத்தால் எழுந்திருக்க மனசு வராது. குழிகளில் தேங்கிய தண்ணீரில் நண்டுக் குஞ்சுகள் ஓடும். பனையேறுகிறவர் பட்டை மடித்துப் பதனீர் ஊற்றுவார். அதில் மாங்காய்த் துண்டு போட்டுக் குடிப்போம். ஓலை வாசமும் சுண்ணாம்பு வாசமுமாக அது உள்ளே இறங்கும்போது, ஊரில் கண்மாய் வற்றிக் கிடப்பதெல்லாம் வேறு யாருக்கோ நடக்கிற காரியம் மாதிரி இருக்கும்.

பாறைக்கு வடக்கே வலைக்காரர்கள் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துவார்கள். அவர்களில் அந்தோணி அண்ணாச்சிதான் எங்களுக்குப் பழக்கம். அவருக்கு வெள்ளாட்டுப் பால் கொடுப்போம், அவர் சாளை கொடுப்பார். பனை மட்டையில் தீப் போட்டுச் சுட்டால் எண்ணெய் வேண்டியதில்லை. மீனே எண்ணெய் விடும்.

"ஏலே கரிசக்காட்டான், இந்தக் கடல்ல எத்தன கோட்ட உளுந்து வெதைக்கலாம்?" என்பார்.

"தண்ணிய வத்த வச்சுக் குடுங்க அண்ணாச்சி, வெதச்சுக் காட்டுதேன்" என்பான் அண்ணன்.

எனக்கு அந்த மாதிரி வாய் வராது. எனக்கு இருபது வயது அப்போது. கடைக்குப் போனால் கடைக்காரர் தானாக நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பேன். ஆட்டிடம் மட்டும் குரல் எடுக்கும். "ஓ...ஹோய்... பா, பா, பா!" என்று நான் கூப்பிட்டால் ஒரு மைலுக்கு அங்கிட்டு இருக்கிற ஆடும் தலை தூக்கும். "ஆட்டுக்கிட்ட சிங்கம். ஆளக் கண்டா அசபோடுதான்" என்று அண்ணன் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தான். நான் காலையில் ஆடு கூப்பிட்டால் அந்தோணி அண்ணாச்சி இருந்த இடத்திலிருந்தே அதே மாதிரி திரும்பக் கூப்பிடுவார். வலைக்காரர்கள் சிரிப்பார்கள். இரண்டொரு ஆடு குழம்பிப்போய் அவர் பக்கம் திரும்பும். எனக்கு வெட்கமாக இருக்கும். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருக்கும்.

பங்குனி பாதியில் ஒரு நாள் சாயந்திரம் அவர் வந்து சொன்னார். "தம்பிமாரா, சோழகக் காத்து வீச ஆரம்பிச்சிட்டு. பாற மூக்குல ஆட்ட எறக்காதிய. அங்கன தண்ணி வெளிய இழுக்கும்."

"சரி அண்ணாச்சி" என்றான் அண்ணன். சரி என்றேன் நானும். அவர் சொன்னதை இன்றுவரை ஊரில் நான் சொல்லவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஆடுகளைக் கரைப் பக்கம்தான் இறக்கினோம். ஒரு குட்டி மட்டும் பாறை மேலே ஓடி, நுனியில் வழுக்கி விழுந்தது. அண்ணன் யோசிக்கவில்லை, குதித்துவிட்டான். அவன் நல்ல நீச்சல்காரன். எங்கள் ஊர்க் கிணற்றில் அடிமண் எடுத்து வருவான். ஆனால் கிணற்றில் நீந்திப் பழகியவனுக்கு எந்தப் பக்கம் போனாலும் சுவர் வரும். அவன் கையை வீசி வீசிச் சுவரைத் தேடின மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் தூரமாகப் போனான்.

"ஏலே, கூப்புடுலே! ஆளக் கூப்புடு!"

அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது.

வாயைத் திறந்தேன். "ஓ...ஹோய்... பா, பா, பா!" என்று வந்தது.

அந்தோணி அண்ணாச்சி வலையிலிருந்து தலையைத் தூக்காமல், கையை மட்டும் தூக்கி, "ஓ...ஹோய்!" என்று திரும்பக் கூப்பிட்டார். மற்றவர்கள் சிரித்தது காற்றில் கேட்டது. நான் இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். மறுபடியும் அதேதான். எனக்குத் தெரிந்த உரத்த குரல் அது ஒன்றுதான். 'அண்ணாச்சி' என்ற சொல் தொண்டையில் இருந்தது, மேலே ஏறவில்லை. கரையில் நின்ற ஆடு அத்தனையும் என் குரலுக்கு ஓடிவந்து பாறையில் என்னைச் சுற்றி நெருக்கியடித்து நின்றன. ஈர ரோமமும் மூச்சுமாகக் காலை எடுக்க முடியவில்லை. மிதித்துத் தள்ளிக்கொண்டு நான் வலைக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தபோது, அங்கேயும் நின்றேன். நின்றேன் என்று எழுதுவதற்குக் கை கூசுகிறது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன தம்பி, ஆடு எதும் காணலையா?"

கையைக் காட்டினேன். கடலில் ஆள் தெரியவில்லை. அவர் வலையை உதறிவிட்டு ஓடின ஓட்டத்தை நான் மறக்கவே இல்லை. வள்ளத்தைத் தள்ளி, நாலு பேர் உச்சிப்பொழுது தாண்டியும் முங்கி முங்கிப் பார்த்தார்கள். அண்ணாச்சிக்குப் பாறை கிழித்து முழங்கால் முழுக்க ரத்தம். சாயந்திரம் அண்ணன் தானாகவே கரை ஒதுங்கினான். அந்தக் குட்டி காலையிலேயே தெற்கே ஒரு மணல் திட்டில் ஏறித் தாயைத் தேடிக் கத்திக்கொண்டு நின்றது.

ஊரில் மதினி ஏழு மாதக் கர்ப்பம். என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"சத்தம் போட்டியா, போடலையா?"

"போட்டேன்."

"யாரும் வரலையா?"

"வரல."

இவ்வளவுதான் நான் சொன்னது. மிச்சத்தை ஊர் பேசி முடித்தது. கடற்கரைக்காரன் பார்த்துக்கொண்டே இருந்தான் என்றார்கள். கல்நெஞ்சன் என்றார்கள். எங்கள் பக்கத்து ஆடுகள் அதற்குப் பிறகு அந்தப் பாறைக்குப் போகவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அந்தோணி அண்ணாச்சி வந்தார். பாறையில் கிடந்த அண்ணனுடைய கம்பளியை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். மதினி அதைப் பிடுங்கி, "வேடிக்க பாத்தவன் துட்டிக்கு வந்திட்டானா? போயிரு!" என்று கத்தினார். அவர் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். நீ சொல்லேன் என்கிற மாதிரி பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். வெயிலில் பஸ்ஸுக்கு நடந்து போனார். முழங்கால் இன்னும் ஆறாமல் நொண்டினார்.

போன வாரம் டீயைக் குடித்து முடித்துவிட்டு, கருவாட்டுக்காரப் பெண்ணைப் பின்தொடர்ந்து போனேன். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்க்கும்வரை காத்திருக்காமல் நானே கேட்டேன்.

"அந்தோணி அண்ணாச்சி நல்லா இருக்காவளா?"

"வலக்கார அந்தோணியா? அவிய போய்ச் சேந்து மூணு வருசம் ஆச்சே. நீங்க யாரு?"

தெருவில் கொட்டின கருவாட்டை அப்படியே வாங்கிக்கொண்டேன். "மண்ணா இருக்கும் அண்ணாச்சி, வேற தாரேன்" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். வாட்ச்மேன் ரூமில் சுட்டுத் தின்றேன். எத்தனை தடவை கழுவியும் பல்லில் மண் கடிபட்டது.

அண்ணன் போன அடுத்த வருசமே ஆடுகளை விற்றோம். கடலுக்குப் போகிற வழியெல்லாம் இப்போது வேலியும் மின்சாரக் காற்றாடியுமாக இருக்கிறதாம். உடைமரம் போய்ச் சீமைக்கருவேலம் வந்துவிட்டது. என் குரலும் போய்விட்டது. அன்றைக்குப் பிறகு நான் ஆட்டை அப்படிக் கூப்பிட்டதில்லை. நேற்று ஆபீஸுக்குப் பின்னால் பொட்டலில் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். காற்றுதான் வந்தது.

மதினிக்கு வாசிக்கத் தெரியாது. இந்த நோட்டை நாளைக்கு முத்துலட்சுமியிடம் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லப்போகிறேன். எழுத்துப் புரியாத இடத்தில் என்னைக் கேட்பாள். அதனால் எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு இடம் மட்டும் புரியாமல் போகக் கூடாது என்று பெரிதாக எழுதுகிறேன்:

நான் ஆட்டைக் கூப்பிட்டேன். ஆடு வந்தது. ஆளைக் கூப்பிட்டிருந்தால் அந்தோணி அண்ணாச்சி வந்திருப்பார்.

பங்குனி 24, ஞாயிற்றுக்கிழமை.