வயிற்றை அளந்த தையற்காரி

பள்ளிச் சீருடை தைப்பவள் அவள். எதையும் அளந்து பார்த்தால்தான் நம்புவாள். கண்ணளவில் துணி வெட்டுகிறவர்களைக் கண்டால் கத்தரிக்கோலைப் பிடுங்கிவிடுவாள். பிரசவ வார்டுக்கு வந்தும் அந்தக் குணம் போகவில்லை.

மூத்த மகள் பிறந்தபோது, இதே ஆஸ்பத்திரியில் குழந்தைகளையெல்லாம் கண்ணாடி போட்ட ஓர் அறையில் வரிசையாகப் படுக்க வைப்பார்கள். தாய்மார் ஓய்வெடுக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அங்கே அழுத பிள்ளை புட்டிப்பால் குடித்தது. இவளிடம் கொண்டுவரும்போது வயிறு நிறைந்து தூங்கும். வீட்டுக்குப் போனபின் மார்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாலில்லாதவள் என்று சொந்தபந்தம் பேசியது. அவளும் நம்பிவிட்டாள்.

இப்போது இரண்டாவது, பையன். கண்ணாடி அறையை எடுத்துவிட்டார்கள். பிறந்த கையோடு துடைத்து அவள் நெஞ்சிலேயே போட்டாள் நர்ஸம்மா.

"எனக்குப் பால் கிடையாது சிஸ்டர். புட்டி குடுத்துடுங்க."

"வாயத் தொறந்து தேடுறான் பாரு! உன் பக்கத்துலயேதான் இருக்கப்போறான். கேக்கறப்பல்லாம் குடு."

கொடுத்தாள். ஆனால் உள்ளே போகிறதா இல்லையா? மனசு கேட்கவில்லை. கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து, குடிப்பதற்கு முன்னும் பின்னும் பையன் வயிற்றைச் சுற்றி அளந்தாள். ஒரு நூல்கூட ஏறவில்லை.

"பாத்தீங்களாக்கா, ஒண்ணுமே இறங்கல," என்று துணைக்கு வந்த நாத்தனாரிடம் புலம்பினாள்.

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அவனுக்கென்ன சட்டையா தைக்கப்போற? விடாம குடும்மா, சுரக்கும்."

வீட்டுக்குப் போகிற அன்று காலையில் நாத்தனார்தான் ஆரம்பித்தாள். "எத்தன துணிதான் மாத்துறது! போட்ட கையோட நனைச்சிடறான். காய வைக்க இடமில்ல."

"நனைக்கிறான்னா நல்லா குடிக்கிறான்னு அர்த்தம்," என்றாள் நர்ஸம்மா. "எடையும் பாத்தாச்சு. ஒரு குறையுமில்ல."

தையற்காரி இஞ்ச் டேப்பைச் சுருட்டிக் கைப்பையில் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்போ மூத்தவளுக்கும் எங்கிட்ட பால் இருந்திருக்குமா சிஸ்டர்?"

நர்ஸம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். "இருந்திருக்கும்மா. பக்கத்துல பிள்ளதான் இல்ல."

தையற்காரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூத்தவளை நினைத்துக் கொஞ்சம், மற்றதெல்லாம் நன்றி. நர்ஸம்மாவின் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும்."

அதற்குள் பையன் மறுபடியும் வாயைத் திறந்திருந்தான். யாரையும் எதுவும் கேட்காமல் அவனை வாரி அணைத்துக்கொண்டாள்.